மளிகைக்கு நீலம்

"மளிகைக்கு இன்னிக்கு எந்தக் கார்டு, கிளிஃப்?"

"நீலம்."

"நேத்து வரைக்கும் பச்சைன்னியே?"

"நேத்து மார்ச். இன்னிக்கு ஏப்ரல். பச்சையில இனிமே பெட்ரோலுக்குத்தான் கூடப் பணம் திரும்பக் கிடைக்கும்."

"ஓ, ஒரே ராத்திரியில முட்டை மாறிப்போச்சாக்கும். பாவம், கோழிக்கு யாராவது சொன்னாங்களா?"

நடீன் இப்படித்தான் பேசுவாள். நானும் சிரித்தேன். இந்த மாதம் முதல் தேதி, டொலீடோவில் எங்கள் வீட்டு வாசலில் அவள் காரில் ஏறும்போது நடந்த பேச்சு இது. ப்ரூயிட் மேடம், காலையில் இந்த விசாரணை அறைக்குள் வந்ததிலிருந்து நீங்கள் "வீட்டில் என்ன சண்டை?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கிளிஃப்டன் ஓவர்பியின் வீட்டில் சண்டை என்பதே கிடையாது. எங்கள் பேச்செல்லாம் இந்த மாதிரிதான்.

உங்களிடம் நானும் ஒன்று கேட்க வேண்டும். மூன்று முறை வாயெடுத்தேன். நீங்கள் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். பரவாயில்லை, முடிவில் கேட்கிறேன்.

எங்களிடம் ஐந்து கிரெடிட் கார்டுகள். ஐந்தும் என் பெயரில். நடீன் கையில் இருந்தவை அதே கணக்குகளின் துணைக் கார்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் காகிதப் பட்டை ஒட்டி, எதற்கு எது என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சலுகைகள் மாறும், பட்டையையும் மாற்றுவேன். அவள் எந்தக் கடையில் தேய்த்தாலும் என் கைபேசி ஒருமுறை சிணுங்கும். எங்கே நிற்கிறாள், எவ்வளவுக்கு வாங்கினாள் என்று உடனே தெரிந்துவிடும். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகும் இவ்வளவு நெருக்கம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

நீலத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. நடீனைத் தேர்ந்தெடுக்க ஆறு வாரம்தான் ஆயிற்று. மளிகைக்கு நூற்றுக்கு ஆறு திருப்பித் தருகிற கார்டு லேசில் அகப்படாது. ஒரே நிபந்தனை, மளிகை மட்டும் விற்கிற கடையாக இருக்க வேண்டும். சட்டையும் டயரும் சேர்த்து விற்கிற பெரிய கடையில் அதே முட்டையை வாங்கினால் நூற்றுக்கு ஒன்றுதான் திரும்பக் கிடைக்கும். இதை நடீனுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அங்கதான் விலை குறைச்சல், கிளிஃப்" என்பாள்.

போன நவம்பரில், நன்றி நவிலும் நாளுக்கான வான்கோழியை அந்தப் பெரிய கடையில் வாங்கிவிட்டாள். அன்றுதான் சமையலறை இழுப்பறை அவள் விரல்கள்மேல் மூடியது. நான்தான் மூடினேன், மறைக்க ஒன்றுமில்லை. விரல்களை எடுத்துக்கொள்ள அவளுக்கு நேரம் கொடுத்தேன். அவள் எடுக்கவில்லை. அவள் மணிக்கட்டு என் பிடியில் இருந்தது என்பதும் உண்மைதான். மருத்துவமனையில் "கார் கதவு" என்று அவளே சொல்லிவிட்டாள். பணம் கட்டும் இடத்தில் நல்லபடியாக இருந்த கையால் பையைத் திறந்து, "இதுக்கு எந்தக் கார்டு?" என்று என்னைத்தான் கேட்டாள். மனதில் வன்மம் வைத்திருப்பவள் அப்படிக் கேட்பாளா?

அவள் என்னிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. பிறந்தநாள் வந்தால் மட்டும், "என் பேர்ல ஒண்ணு எடுத்துக்கறேனே, கிளிஃப். ஒண்ணே ஒண்ணு" என்பாள். நல்ல சலுகை வரட்டும் என்பேன். பிறகு ஒரு வருடம் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

சனிக்கிழமை மதியம் தபாலில் ஓர் உறை வந்தது. அவள் பெயருக்கு. நடீன் கடைக்குப் போயிருந்தாள். அதனால் நான் பிரித்தேன். அவள் தனியாக வாங்கியிருந்த கார்டின் முதல் மாதக் கணக்குப் பட்டியல் அது. எதை வாங்கினாலும் நூற்றுக்கு இரண்டு மட்டும் தருகிற சாதாரணக் கார்டு. எங்கள் தெருமுனை லெபனான்காரர் கடையில் ஆலிவ், ரொட்டி, இரண்டு முறை பீச் பழம். கடைசி வரியில், ஊரின் மறுகோடியில் ஓர் அறைக்கு வாடகை முன்பணம்.

அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் என் பரிந்துரையின் பேரில் விண்ணப்பித்திருக்கலாம், ஆள் சேர்த்துவிட்டதற்கு வங்கி எனக்கு நூறு டாலர் தந்திருக்கும். அதுதான் மனதை உறுத்தியது. வாடகையைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவே இல்லை.

இரண்டு துணிப்பைகளோடு அவள் உள்ளே வந்தாள். பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தேன். பார்த்தாள். பைகளைக் கீழே வைத்தாள்.

"இது மளிகைக்கு ரெண்டுதான் தரும், நடீன்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா எடுத்தே?"

"தெரிஞ்சேதான். எதுக்கு எதுன்னு யோசிக்கவே வேணாம் பாரு, அதுக்காகவே எடுத்தேன்." கழுத்துத் துணியை நிதானமாக அவிழ்த்தாள். "திங்கக்கிழமை என் தங்கச்சி க்வென் வர்றா. அவளோட கிளம்பறேன். சண்டை வேணாம், கிளிஃப். உனக்குப் பிடிச்ச வால்நட் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்திருக்கேன், உருகறதுக்குள்ள உள்ள வை."

"எந்தக் கார்டுல வாங்கினே?"

"என்னோடதுல."

என் கைபேசி சிணுங்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் பீச் பழங்களைக் கழுவத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். ஒரு பையில் தக்காளி டப்பாக்கள் நான்கு இருந்தன. பையின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்தால் கைக்கு அடக்கமாக இருக்கும். முதல் அடி காதுக்கு மேலே. அவள் விழவில்லை, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குழாயை மூடப் பார்த்தாள். அவ்வளவு சிக்கனக்காரி. இரண்டாவது அடியில் விழுந்தாள். மூன்றாவது, அவள் தரையில் கிடந்தபோது. நீங்கள் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், திருத்திக்கொள்ளுங்கள். டப்பாக்களில் மூன்று நசுங்கிவிட்டன. குழாயை நான்தான் மூடினேன்.

அவளுக்கு அப்போது மூச்சு இருந்தது. என் பெயரைச் சொன்னாள், பிறகு தண்ணீர் என்றாள். ஆனால் பாலும் ஐஸ்கிரீமும் வெளியே இருந்தன. ஒருமுறை உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறையவைத்தால் மண்ணைத் தின்பது போலிருக்கும். உள்ளே வைத்தேன். மற்ற பையில் இருந்த முட்டைகளை எண்ணினேன், ஒன்றுகூட உடையவில்லை. தரையைத் துடைத்தேன், அவளைச் சுற்றி மட்டும். பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பதினொரு நிமிடம் என்கிறீர்கள். இருக்கலாம். அந்த நிமிடங்களில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகவும் சொன்னீர்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், நான் மறுக்கவில்லை.

ஆக, என் மனைவியை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். க்வென் இன்று வந்திருப்பாள். வியாழக்கிழமை அடக்கம். பூ வாங்க அவள் நேரே பூக்கடைக்குத்தான் போவாள். அவளுக்கு விவரம் போதாது. அங்கே நூற்றுக்கு ஒன்றுதான். மளிகைக் கடைக்குள்ளேயே, ரொட்டிக்குப் பக்கத்தில், பூ விற்கிறார்கள். லில்லி அங்கேயும் நன்றாகவே இருக்கும். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் என் பர்ஸைத் திறந்து ஒரு கார்டை அவளிடம் கொடுக்க வேண்டும். நடீன் எப்போதும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்குள் நுழைவாள். இன்று கேட்பதற்கு அவள் இல்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

நீலம்.