அப்பா போட்ட கையெழுத்து

தருமபுரியிலிருந்து மொரப்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் வார்டனும் அவருடைய கிளார்க்கும் உட்கார்ந்திருந்தார்கள். கிளார்க் மடியில் கலர் பேப்பர் சுற்றிய எவர்சில்வர் குடம்.

"அப்பா கையெழுத்த அப்பாவே போட்டா எப்படிங்க சார் செல்லும்?" என்றார் கிளார்க்.

அதற்குமேல் நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"ஹாஸ்டல்ல சேரும்போதே, மாதிரிக் கையெழுத்து வாங்குற கார்டுல அப்பா கையெழுத்த அந்தப் பையனே போட்டுட்டான். ரெண்டு வருசமா எல்லா லீவு லெட்டரும் அதோட அச்சா ஒத்துப்போச்சுங்க."

"இப்ப அக்கா கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போக அப்பாவே வந்துட்டாரா?"

"வந்து, என் எதிர்லயே போட்டாருங்க. ஒத்துப்போகல. ஒத்துப்போனாத்தான் வெளிய விடணும்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. பையன் ரூம்லயே தங்கி, ரெண்டு நாளா எழுதிப் பழகினாரு. பையன்தான் சொல்லிக் குடுத்தான். கடைசிச் சுழி மட்டும் வரவே இல்ல."

"கல்யாணம் நாளைக்காச்சேப்பா!"

"அதான், நானாவது போறேன்னு காலையில கிளம்பிட்டாரு. ஹாஸ்டல்ல தங்கினவர லெட்டர் இல்லாம விடலாங்களா? வூட்டு ஆளுங்க யாராவது கையெழுத்துப் போடணும்னேன். பையன் போட்டான்."

"ஒத்துப்போச்சா?"

"அச்சா ஒத்துப்போச்சு. அனுப்பி வச்சிட்டேன்."

"பையன்?"

"ஹாஸ்டல்லதாங்க இருக்கான். அவனுக்குக் கையெழுத்துப் போட இப்ப அப்பா இல்லீங்களே."

வார்டன் குடத்தைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.

"பாவம், கூடப்பொறந்த அக்கா கல்யாணம். அவன் சார்பா நாமளாவது நேரத்துக்குப் போய்ச் சேரணும்" என்றார்.