பறக்கிறவன் வீட்டோட இருந்திருந்தா

திருத்தணியில் ரயில் ஏறி என் எதிரே புருஷனும் பெஞ்சாதியும் உட்கார்ந்தார்கள். அவர் மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. துபாயில் வேலை கிடைத்ததற்கான வேண்டுதலாம், இன்றைக்கே பயணமாம்.

"அந்தப் பறக்கிறவன் படம் பாவா, ரெண்டாவது பாகத்துலயே அவன் பறக்கறத விட்டுட்டு வீட்டோட இருந்திருக்கணும்" என்றாள் புருஷனிடம்.

"அப்ப ஊர யாரு காப்பாத்துவாங்க?"

"ஊருக்கு வேற ஆளே இல்லையா?"

"படம் ஓடாதுடி."

"ஓட வேணாம்."

"அதான் மூணாவதுல திரும்பி வந்துட்டானே."

"ஆங், நரைச்சுப்போயி வந்தான்."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "நான் சீக்கிரம் வந்துடறேன்."

"வந்தா என் முடியத் தரேன்னு முருகங்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

இடுப்பு வரைக்கும் தொங்கிய அந்தச் சடையை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.