கதவு சாத்தினா சரசு

— மன்னிப்பா? நானா? இன்னொரு தரம் சொல்லு தம்பி, என் காதுல சரியா விழல.

— நல்லாவே விழுந்துது ருக்குக்கா. சிம்பிள். சின்னதா ஒரு வீடியோ. "தர்ஷினி மேடத்தை மரியாதை இல்லாம கூப்பிட்டது தப்பு, எல்லாரும் மன்னிச்சிடுங்க"ன்னு இந்த போனைப் பாத்து சொல்லிட்டா போதும். நான் மேனேஜரா பேசல, உங்க தம்பியா பேசறேன்.

— தம்பியா பேசறவன் மொதல்ல அந்த போனைக் கீழ வை. காலையில லைட்டு ஸ்டாண்டு சாய்ஞ்சுதே, அப்ப நீ எங்க இருந்தே?

— நான் புரொடியூசர்கூட...

— சாப்பாட்டு வண்டிகிட்ட நின்னு போன் பேசிக்கினு இருந்தே. நான் பாத்தேன். அங்க இருந்தது நானு. சீப்பும் கையுமா நிக்கறேன், அவ்ளோ பெரிய லைட்டு, தூக்கறதுக்கே நாலு ஆளு வேணும், அது அப்படியே சாயுது. மேடம் முதுகைக் காட்டிக்கினு கண்ணாடி பாக்கறாங்க. நான் என்ன பண்ணேன்? மரியாதையாத்தான் கத்தினேன். மேடம், மேடம், மேடம்! யாரு திரும்பினாங்க சொல்லு?

— யாரு?

— புரொடியூசர் வீட்டம்மா திரும்பினாங்க. டான்ஸ் மாஸ்டர் அம்மா திரும்பினாங்க. மைக்கை எடுத்துக்கினு வந்த டிவிக்காரப் பொண்ணு, அதுகூட திரும்பிச்சு. திரும்ப வேண்டியவங்க மட்டும் திரும்பல. எப்படித் திரும்புவாங்க? இந்த செட்டுல புடவை கட்டின எல்லாருமே மேடம்தானே! நீதானே மொத நாளு வரிசையா நிக்க வச்சு பாடம் எடுத்தே? டைரக்டரை சார்னு சொல்லணும், லேடீஸை மேடம்னு சொல்லணும், ஹீரோவை அண்ணான்னு சொல்லணும். பேரன் எடுத்த லைட்மேன், நேத்து மீசை மொளைச்சவனை அண்ணா அண்ணான்னு கும்பிடறாரு. உனக்கே சிரிப்பு வரல?

— அது இண்டஸ்ட்ரி வழக்கம்க்கா. நானா கண்டுபிடிச்சேன்?

— அந்த வழக்கம் இன்னைக்கி ஒரு உசிரைக் குடிச்சிருக்கும். அதான் "ஏய் சரசு, ஒத்துடி!"ன்னு கத்தினேன். குதிச்சா பாரு ஒரு குதி! அவ நின்ன எடத்துலதான் அந்த லைட்டு விழுந்து நொறுங்கிச்சு. இதுக்கு நான் மன்னிப்பு கேக்கணுமா? எனக்கு மாலை போடணும்யா நீங்க!

— சரி, ப்ராக்டிக்கலா பாருங்க. யாரோ போன்ல எடுத்த வீடியோல லைட்டே தெரியல. நீங்க கத்தறதும் மேடம் பயந்து குதிக்கறதும் மட்டும்தான் இருக்கு. ஊரே பாக்குது. யாரு இந்தப் பொம்பளை, மேடத்தைப் போய் வாடி போடிங்கறா, யாரு இந்த சரசுன்னு கேக்கறாங்க. எனக்கே அந்தப் பேரு இன்னைக்கிதான்க்கா தெரியும். ரெண்டு வருஷமா கூடவே இருக்கேன்.

— உனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கு.

— பேட்டியில எல்லாம் மேடம் என்ன சொல்லியிருக்காங்க? அப்பாவுக்கு காபி எஸ்டேட்டு, வீட்டுல குதிரை இருந்துதுன்னு. இப்ப...

— குதிரையா! ஈஜிபுரா சந்துல குதிரை! ஒத்தை ரூம்ல அஞ்சு பேரு படுத்துக் கெடந்தாங்க, குதிரையை எங்கப்பா கட்டினாங்க? அவ பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கினு என் பார்லர்ல விழுந்த முடியைப் பெருக்கினவ. மொத ஆடிஷனுக்கு என் பொடவையைக் கட்டி, என் கையால பின்னி, தொம்மலூர் வரைக்கும் ஆட்டோவுல நான் கூட்டினு போனேன். அவ பெரிய ஆளா ஆனதும் பார்லரை மூடிட்டு வாக்கான்னா. வந்தேன். அன்னைக்கே ஒரு பேச்சு பேசிக்கினோம். கதவு தொறந்திருந்தா மேடம். இந்தக் கேரவன் கதவைச் சாத்தினா சரசு. இத்தனை வருஷத்துல ஒரு தடவை நான் வாய் தவறினேனா?

— இல்லக்கா.

— இன்னைக்கிதான். அதுவும் வாய் தவறல, தெரிஞ்சே கத்தினேன். அந்தப் பேருக்குத்தான் அவ திரும்புவா. போய் லைட்டு விழுந்த கதையைச் சொல்லு. அவளையே சொல்லச் சொல்லு. அது போதும், வேற ஒண்ணும் வேணாம்.

— அது இனிமே முடியாதுக்கா. மேடம் பேஜ்ல ஒரு ஸ்டேட்மென்ட் போயிடுச்சு.

— என்னன்னு?

— வேணாம்க்கா, விடுங்க.

— படிடா!

— "இன்னைக்கு ஷூட்டிங் பாக்க வந்த ஒரு ரசிகை, கொஞ்சம் மனநிலை சரியில்லாதவங்க, யாரோன்னு நெனச்சு என்னைப் பாத்துக் கத்திட்டாங்க. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. அவங்க மேல கோவமில்ல. அவங்களுக்காக வேண்டிக்கங்க." அக்கா? ருக்குக்கா, தண்ணி குடிங்க.

— அதான் ஷோபா அழுதாளா?

— யாருக்கா?

— என் பொண்ணு. கொஞ்சம் முன்னாடி போன் பண்ணி ஒரே அழுகை. காலேஜ்ல எல்லாரும் உங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்களாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல, நல்லாத்தானே இருக்கேன் கண்ணுன்னேன். அட நாசமாப் போனவனே, நீயா எழுதினே இதை? உனக்கு எத்தனை நாளு டீ ஆத்திக் குடுத்திருப்பேன்!

— சத்தியமா நான் டைப் மட்டும்தான்க்கா பண்ணேன்.

— டைப் பண்ணியா? அப்ப சொன்னது யாரு?

— பரத், முடிஞ்சுதா? ஷாட் ரெடின்னு கூப்பிடறாங்க.

— மேடம், ஒரு நிமிஷம், ருக்குக்காவுக்கு இன்னும் புரிய வைக்கல...

— ருக்குமா, ப்ளீஸ். சின்ன வீடியோதானே? எல்லாருக்கும் டென்ஷன். சீக்கிரம் குடுத்துடுங்க, ப்ளீஸ்.

— குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுக் குடுக்கறேன். எனக்கு மனநிலை சரியில்லைன்னு சொன்னது யாரு?

— பரத், நீங்க வெளிய இருங்க.

— டைரக்டர் வெயிட் பண்றாரு மேடம்.

— போங்கன்னேன். கதவைச் சாத்திட்டுப் போங்க.

— சரி மேடம், சாத்திட்டுப் போறேன்.

— யக்கா.

— சொன்னது யாருன்னு கேட்டேன்.

— நான்தான்க்கா. என்ன பண்ணச் சொல்றே? அத்தினி மைக்கும் மூஞ்சிக்கு நேரா வந்துடுச்சு. யாரு அவங்க, யாரு சரசுன்னு கேக்கறாங்க. வாயில வந்துடுச்சு. அதையே பேஜ்லயும் போடச் சொன்னேன்.

— வாயில இது வந்துதா? காப்பாத்தினாங்கன்னு வரல? லைட்டு விழுந்துதுன்னு வரல? பைத்தியம்னு வந்துதா?

— பைத்தியம்னு சொல்லலக்கா...

— அழகாச் சொன்னே. வேண்டிக்கங்கன்னு சொன்னே. அது பைத்தியத்தைவிடக் கேவலம்டி!

— கத்தாதக்கா, வெளிய கேக்கும்.

— கேக்கட்டும்!

— உனக்கென்ன தெரியும்? நீ மட்டும்தான் அந்தப் பேரைப் பாசமாக் கூப்பிட்டே. நான் பாத்திரம் தேய்ச்ச வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா? சரசு, எச்சில் தட்டை எடு. சரசு, குழந்தை வாந்தி எடுத்துட்டான், தொடை. சரசு, சோபாவுல உக்காராதே. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குக் கை ஈரமாகற மாதிரி இருக்கும்க்கா. மேடம்னு யாரோ கூப்பிட்ட மொத நாளு பாத்ரூம்ல போய் அழுதேன். அது உனக்கு நடிப்பு. எனக்கு அது உசிரு.

— எனக்கு அது தெரியாதா? ஒவ்வொரு நாளும் உன் கைக்கு எண்ணெய் தடவிவிட்டது யாரு? தெரிஞ்சுதானே இத்தனை வருஷம், உன் கால்ல செருப்பு மாட்டிவிட்டப்பகூட மேடம் மேடம்னு கெடந்தேன்? உன்னைவிட வயசுல எத்தனை பெரியவ நானு! ஒரு நாளாச்சும் மூஞ்சியைச் சுளிச்சேனா? உனக்கு அதுல சந்தோஷம்னா எனக்கும் சந்தோஷம்னு இருந்தேன். இன்னைக்கி லைட்டு உன் தலைக்கு மேல சாயுது, நான் மரியாதை பாத்துக்கினு நிக்கணுமா?

— தப்புதான். தப்புதான்க்கா, அறைஞ்சுக்கோ.

— அறைய மாட்டேன். வெளிய வா. கதவைத் தொற, அந்த டிவிப் பொண்ணு இன்னும் அங்கதான் நிக்குது. இவ என் ருக்குக்கா, இவதான் என்னைக் காப்பாத்தினான்னு சொல்லு. சரசுன்னு சொல்ல வேணாம், எஸ்டேட்டு, குதிரை எதையும் மாத்த வேணாம். என் பொண்ணு காதுல அது விழுந்தா போதும்.

— இப்பப் போய் எப்படிக்கா? தெரியாதுன்னு சொல்லியாச்சே. தெரியும்னா அது வேற கதையா ஆகும். படம் வேற ரிலீஸ் ஆகப் போகுது.

— அப்ப?

— வீடியோ வேணாம், விடு. நான் பரத்கிட்ட சொல்லிடறேன். கொஞ்ச நாளைக்கு நீ வெளிய வராதே. செட்டுல முடி வேலையை அந்த ராதாப் பொண்ணு பாத்துக்கட்டும். நீ இங்க இந்தக் கேரவன் உள்ளயே இரு. யாரும் உன்னைப் பாக்க மாட்டாங்க. இங்க நீ என்ன வேணா கூப்பிடு, சரசுன்னு கூப்பிடு, நாயேன்னு கூப்பிடு. நம்ம பேச்சு அதானே? அது மாறாதுக்கா.

— ஓ. உள்ள அக்கா. வெளிய யாருன்னே தெரியாது.

— கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்றேன்ல? எதுக்கு இப்ப பெட்டியை எடுக்கறே? யக்கா, சீப்பை எல்லாம் ஏன் எடுத்து வைக்கறே? இவ்ளோ தள்ளி, ஆனேக்கல்ல இருந்து எப்படிப் போவே? வண்டி சொல்றேன், இரு. நாளைக்குப் பேசலாம். நான் வேணா ஷோபாகிட்ட போன்ல பேசறேன்.

— ...

— எங்க போறே? விட மாட்டேன். கதவுமேலயே சாய்ஞ்சு நிப்பேன், பாரு. ஏதாவது பேசுக்கா, பயமா இருக்கு. திட்டு. அந்தப் பேரைச் சொல்லித் திட்டு. கதவு சாத்தித்தானே இருக்கு? நீயும் நானும்தானே இருக்கோம்? ஒரே ஒரு தடவை கூப்பிடுக்கா.

— கொஞ்சம் ஒத்திக்கோங்க மேடம்.