ஸுலைஹா டீச்சரின் மூன்றாம் பயணம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மௌலவி மஹ்ரூப் அவர்களே, உம்மாவைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் அக்கீலாவே, ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, சிலாபத்திலிருந்தும் முந்தலிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! உடப்பு விநாயகமூர்த்தியின் கனத்த வணக்கமும் ஸலாமும்.

இந்த மண்டபத்தில் நான் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். முடித்துவிட்டு இறங்கும்போது, "நல்ல கதை சேர், ஆனா இருபது நிமிசம் கூடிப் போச்சு" என்று ஒருவர் சொல்வார். இன்றைக்கு நான் எவ்வளவு நேரம் பேசினாலும் என்னைத் தடுப்பதற்கு ஆள் இல்லை. இருபத்தொரு வருடம் என்னோடு கற்பித்த புவியியல் ஆசிரியை சித்தி ஸுலைஹா அவர்கள் இல்லை! இதை எப்படி நம்புவது?

வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, எருக்கலம்பிட்டியிலிருந்து இரண்டு பைகளோடு புத்தளத்துக்கு வந்தவர் அவர். பிற்காலத்தில், பாடசாலை இல்லாத நாட்களில், அவர் பிடித்துக்கொண்ட வேலை என்ன? ரயிலில் யன்னலோரம் உட்கார்ந்து, கையிலிருக்கும் போனில் ஜீபிஎஸ் தடம் பதிவது! ரயில் போகும் வழியெல்லாம் போன் ஒரு கோடு போட்டுக்கொண்டே வரும். அந்தக் கோட்டை, உலகத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய, எல்லோரும் சேர்ந்து வரைகிற இணைய வரைபடத்தில் ஏற்றுவார். ரயில் பாதையும், வீதிகள் அதைக் குறுக்கே கடக்கும் கடவைகளும் உள்ளது உள்ளபடி அதில் இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே பிடிவாதம்.

ஏன் அந்தப் பிடிவாதம்? அப்ராவின் சம்மதத்தோடு சொல்கிறேன். அப்ரா எங்கள் இருவருடைய மாணவி. ஏழு வருடத்துக்கு முன்னால், மாரி மழையில், பிரசவ வலியோடு அவரை ஒரு வான் வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். போனில் தெரிந்த வரைபடம், தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் கடவை இருப்பதாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் அங்கே கடவை இல்லை, இரும்புத் தூண்கள் நட்டு அடைத்திருந்தது. சேற்றில் வானைத் திருப்பிச் சுற்றி வர முக்கால் மணித்தியாலம். வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. அடுத்த கிழமையே டீச்சர் சிலாபத்தில் ரயில் ஏறினார்.

எப்படி வேலை செய்தார் தெரியுமா? பெட்டியின் நடுவில் இருந்தால் இரும்புக் கூரை சமிக்ஞையைக் குழப்பும் என்று யன்னலோரக் கதிரைதான் வேண்டும் என்பார். ஒவ்வொரு கடவையிலும் "கடவை!" என்று வாய்விட்டுச் சொல்வார். நான் பக்கத்தில் இருந்து கொப்பியில் நேரம் எழுத வேண்டும். மீன் கூடையோடு வரும் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே, "டீச்சர், தூங்குறீங்களா, கடவை போகுது!" என்று எழுப்பினார்கள். ஒரு பயணத்தை நம்பக்கூடாது, ஜீபிஎஸ் அங்கும் இங்கும் ஆடும், பாதையின் ஒரு துண்டுக்கு மூன்று பயணம் வேண்டும், மூன்றும் ஒத்துவந்தால்தான் கோடு போடலாம். இது அவருடைய சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு என்னைப்போல அடங்காத ஆள் வேறு இல்லை. ஒருநாள் நான் தனியாகப் போய், பத்துளுஓயா நிலையத்தில் இறங்கி, பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். உடப்பு பஸ் ஏறினேன், கடையில் பாண் வாங்கினேன், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். பார்க்காமல் அப்படியே ஏற்றியும் விட்டேன். தண்டவாளமே இல்லாத உடப்புக்கு இரண்டு நாட்கள் வரைபடத்தில் ரயில் ஓடியது! "என்ன சேர், ரயில் உங்கட குசினிக்குள்ளயா வந்து நிக்கிது?" என்று கேட்டுச் சிரித்தார். அதோடு விட்டாரா? பெட்டியை விட்டு இறங்க முன்னம் பதிவை நிறுத்து என்று என் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதித் தந்தார்.

சிலாபத்திலிருந்து முந்தல் வரை மூன்று பயணமும் முடிந்துவிட்டது. முந்தலிலிருந்து புத்தளம் வரை இரண்டுதான் முடிந்திருந்தது. மூன்றாவது பயணத்துக்கு முதல்நாள் என் கொப்பியில் நான்கு கடவைகளுக்கு நேரம் பிழை என்று காட்டினார். எனக்குக் கோபம். கணித ஆசிரியனுக்கு நேரம் எழுதத் தெரியாதா? பின்னேரம் போன் எடுத்து, "நாளைக்கு வாறீங்கதானே சேர்?" என்று கேட்டார். "எனக்கு வேலை இருக்கு டீச்சர்" என்றேன்.

எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. சபையோரே, இதை வேறு எங்கேயும் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

அன்று அந்த ரயிலில் கார்ட்டாக வந்த பஸ்தியான் இங்கே பின்னால் நிற்கிறார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். "முந்தலுக்குக் கிட்ட வரக்குள்ள நெஞ்சப் புடிச்சிக்கிட்டாங்க சேர். தண்ணி குடுத்தன், ரெண்டு மடக்குக் குடிச்சாங்க. புத்தளம் இன்னும் வரல்லியாண்டு கேட்டாங்க." முந்தலில் இறக்கி, ஒரு வான் பிடித்து, புத்தளம் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். பத்து நாற்பதுக்கு உயிர் பிரிந்தது. பஸ்தியான், உங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்தீர்கள். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவன் நான்!

ஒரு நாளும் மறக்காதவர் அன்றைக்குப் பதிவை நிறுத்தவில்லை. அவருடைய கைப்பைக்குள் கிடந்து போன் பதிந்துகொண்டே வந்திருக்கிறது. நாற்பதாம் நாள் துக்கம் முடிந்த பிறகு அக்கீலா அதை என்னிடம் தந்தார். திறந்து பார்த்தேன். கோடு சிலாபத்திலிருந்து முந்தல் வரை தண்டவாளத்தில் வருகிறது. முந்தலில் விலகுகிறது. கொழும்பு வீதியால் புத்தளம் வருகிறது. வைத்தியசாலையில் நூல் சிக்கியதுபோல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கிறது. பற்றரி முடியும் வரை, பன்னிரண்டரை மணி வரை அது பதிந்திருக்கிறது. டீச்சர் போய்க் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் ஆன பிறகும்!

"அங்கிள், இது உம்மாட கடைசிக் கோடு. வெட்டாம அப்படியே போடுங்களேன்" என்றார் அக்கீலா. என் மனமும் அதைத்தான் சொன்னது. வீதியும் ரயில் பாதையும் பல இடத்தில் பக்கம் பக்கமாகத்தானே போகின்றன? மூன்றாம் பயணம் முடிந்தது என்று எழுதிவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இரண்டு நாட்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால், வீதியில் போன கோட்டைத் தண்டவாளம் என்று போட்டால் கடவைகள் எல்லாம் இடம் மாறிப்போகுமே! இன்னொரு மழை நாளில், இன்னொரு வான், இல்லாத கடவையைத் தேடிப் போகுமே! அப்படி ஒரு கோட்டுக்கா ஸுலைஹா டீச்சரின் பெயரை வைப்பது?

வெட்டிவிட்டேன் மகள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். முந்தல் வரையுள்ள கோடு வரைபடத்தில் உம்மாவின் பெயரோடு இருக்கிறது. முந்தலுக்குப் பிறகு வருவது ஊருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. அதைத் தனியாக ஒரு தாளில் பதிந்து கொண்டுவந்திருக்கிறேன், இறங்கி வந்து உங்கள் கையில் தருவேன்.

அன்னாருக்கு மேலான சுவர்க்கம் கிடைக்க நீங்கள் துஆச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த முறையில் நானும் கேட்கிறேன். இந்த வேலையைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதற்காக நான் இந்த மேடையில் ஏறவில்லை. கடவைகளுக்கு நேரம் எழுத அப்ரா வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யார் வந்தாலும் இடம் இருக்கிறது. வராவிட்டாலும் நான் போவேன்.

உங்களை இறக்கிய அந்த முந்தல் ரயில் மேடையில்தான், டீச்சர், வருகிற சனிக்கிழமை நான் ஏறுகிறேன். புத்தளம் வரும்வரை இறங்க மாட்டேன்.