கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும்

பெரும்பாலானவர்கள் புரொஜெக்டரை வாங்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். படத்தில் முகமெல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி தெரிந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. நான் தென்காசியில் இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். ஜனங்கள் எவ்வளவு மங்கலை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னால் அப்படி இருக்க முடியாது. ஐயா இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றது சுலபமாக விளங்கிவிடும்.

அண்ணன் மந்திரமூர்த்தி என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரிசி ஆலையில் முப்பது வருஷம் உமித்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போயிற்று. இரண்டு வருஷமாக மேலகரத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின், மூக்கில் குழாய். குற்றாலம் கூப்பிடு தூரம்; ஆனால் அவனால் மூன்று படி ஏற முடியாது. சாரல் தொடங்கினால் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து மலையைப் பார்ப்பான். "அருவில தண்ணி நல்லா விழுதாலே?" என்று தினமும் கேட்பான்.

புரொஜெக்டர் வாங்கியது அதற்காகத்தான். அண்ணனுக்காக. இதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மெயினருவியை நானே போய்ப் படம் பிடித்து வந்தேன். முதல் நாள் சுவரில் போட்டதும் அண்ணன் கண் கலங்கிவிட்டான். "போதும்லே சங்கரா. மேல தெறிக்க மாதிரியே இருக்கு," என்றான். ஆனால் அவன் சொன்னது தப்பு. தண்ணீர், வெளுத்த வேட்டியைக் காயப்போட்ட மாதிரித் தொங்கியது. துளி துளியாகப் பிரியவில்லை. பாறையின் கறுப்பு சாம்பலாக இருந்தது. அதைப் பார்த்து ஒருவன் அழுவது எனக்கு அவமானமாக இருந்தது. "நாளைக்குச் சரி பண்ணிப் போடுதேன்ணே," என்று சொல்லி அணைத்துவிட்டேன். அந்த 'நாளைக்கு' நாற்பத்தொரு நாளாயிற்று.

கறுப்பைக் கெடுப்பது வெளிச்சம். ஹால் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். கட்டில் அங்கே இருந்ததால் அண்ணனை உள்ளறைக்கு மாற்றவேண்டி வந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மிஷினில் ஒரு பச்சை விளக்கு எரியும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். கரண்ட் போனால் மிஷின் கத்தும். கவனம் சிதறுகிறது என்று கத்துகிற ஓட்டையில் பஞ்சை வைத்து அடைத்தேன். அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர் பளபளவென்று இருந்தது. அது மாடிக் கொட்டகைக்குப் போயிற்று.

அண்ணன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. "ஒனக்கு எடைஞ்சல்னா எடுத்துருலே," என்றான். என் மனைவி முத்துலட்சுமிதான் கேட்டாள்.

"பெரியத்தானுக்கு வெளிச்சம் வேண்டாமா?"

"வெளிச்சம் இருந்தா கறுப்பு எங்கட்டி இருக்கும்?" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. அண்ணனுக்காக நேர்ந்துகொண்டு அவள் பண்பொழிக் கோயிலுக்கு மலையேறப் போயிருந்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "கரண்ட் போனா இன்வெர்ட்டர் மிஷினுக்கு மட்டுந்தான். மறந்துராதீங்க." நான் எதையும் மறக்கிறவன் இல்லை. அன்றும் மறக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை ஐயா கவனிக்க வேண்டும். புரொஜெக்டரைப் போட்டு அரைமணி நேரம் பல்பு சூடேறிய பிறகுதான் அளவு பார்க்கலாம். சுவரில் கறுப்புப் பட்டைகள் வரிசையாக வரும். முதல் பட்டை இருட்டோடு கரைந்துவிட வேண்டும். இரண்டாவது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தெரிய வேண்டும். நாற்பத்தொரு நாளில் முதன்முறையாக, மத்தியானம் இரண்டு பத்துக்கு, அந்தப் பட்டை தெரிந்தது. அதே நேரம் காற்றடித்துக் கரண்ட் போயிற்று.

எங்கள் இன்வெர்ட்டர் சின்னது. மிஷின், புரொஜெக்டர் இரண்டையும் தாங்காது. பல்பு ஆறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என்னுடையதைச் செருகினேன்.

"ஏலே, மிஷின் நின்னு போச்சுடே," என்றான் அண்ணன்.

"ரெண்டு நிமிசம்ணே."

"மூச்சு முட்டுதுலே."

"இந்தா முடிஞ்சிரும். பேசாம இரிண்ணே. பேசுனா மூச்சுதான் செலவாகும்."

நல்ல யோசனைதான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. போன் டார்ச்சை அடித்துச் சிலிண்டரைத் தேடினான் போலிருக்கிறது. அந்த வெளிச்சம் சரியாக இரண்டாவது பட்டையின் மேல் வந்து விழுந்தது. எழுந்துபோய் அவன் அறைக் கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். கதவுக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். உள்ளே டம்ளர் ஒன்று உருண்டது. கதவை இரண்டு மூன்று தடவை தட்டினான். பிறகு அமைதியாகிவிட்டது. வேலை நன்றாக ஓடியது.

முடித்துவிட்டு, "வாண்ணே, வந்து பாரு," என்று கதவைத் திறந்தேன். கதவோரமாகவே சரிந்து கிடந்தான். உதடு நீலம். அன்று காலையில் சுவரில் மனித முகத்தின் நிறத்தைச் சோதித்தபோதும் இதே நீலம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. குறைத்து வைத்தது சரிதான் என்று தோன்றியது.

நாலரைக்கு முத்துலட்சுமி விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள்.

"கரண்ட் போச்சா?"

"போச்சு."

"இன்வெர்ட்டர்?"

"புரொஜெக்டர்ல இருக்கு."

கதவுக்கு அடியில் கிடந்த துண்டைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் அழவில்லை. விபூதியை அண்ணன் நெற்றியில் பூசிவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள். நான் அவளைத் தடுக்கவில்லை. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

எழுதியதை ரைட்டர் வாசித்துக் காட்டினார். கையெழுத்து அழகாக இருக்கிறது. சில இடங்களைத் திருத்த வேண்டும். கதவு அரைமணி நேரம் சாத்தியிருந்தது என்று இருக்கிறது; இருபத்தாறு நிமிஷம். கவனக்குறைவால் என்று இருக்கிறது. அன்று என் கவனத்தில் ஒரு குறையும் இல்லை. 'படம் பார்ப்பதற்காக அண்ணனைக் கொன்றேன்' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கொன்றேன் என்பது இருக்கட்டும், அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். 'படம் பார்ப்பதற்காக' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அன்றைக்கு நான் படமே போடவில்லை.