முத்தாயியின் அட்டை

பூன் லேயிலிருந்து சிராங்கூன் ரோட்டுக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டும், இன்ஸ்பெக்டர் சாகுல் ஹமீது. இருபத்தைந்து வருடத்தில் நான் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. டாக்டர் சேதுபதியைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்தக் கிளினிக்கின் முன்மேசை என்னுடையது.

நோயாளிகளின் அட்டைகளை எழுதி வைத்தவன் நான்தான். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எந்த ஊசி ஆகாது, எல்லாம் தலைக்குள் இருந்தது. டாக்டர் உள்ளே என்ன கேட்டாலும் நோயாளிகள், "அதெல்லாம் லாசரஸுக்குத் தெரியும் லா" என்பார்கள். கேட்கச் சுகமாக இருக்கும்.

எண்பத்தைந்தில் எட்மண்ட் வந்தான். எங்கள் சர்ச்காரன்தான், முப்பது வயது, கம்ப்யூட்டர் படித்தவன். ஆறே மாதத்தில் மூவாயிரம் அட்டைகளையும் கம்ப்யூட்டரில் அடித்து முடித்தான். இனி எதற்கு என்று டாக்டர் அட்டைகளைப் பழைய பேப்பர் எடுக்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டார். என் கையெழுத்தெல்லாம் தள்ளுவண்டியில் போவதை வாசலில் நின்று பார்த்தேன். எட்மண்டைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு நல்ல வார்த்தை தேட வேண்டாம்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் எட்மண்ட் கம்ப்யூட்டரில் உள்ளதை டிஸ்க்குகளில் நகல் எடுப்பான். கிளினிக்கில் தீப்பிடித்தால் நகலும் சேர்ந்து போய்விடக் கூடாது என்பதால், அது தூரத்தில் ஒரு வீட்டில் இருக்க வேண்டும். எங்களில் மிகத் தூரத்தில் இருப்பவன் நான். புதுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோவேன், போன வாரப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பேன்.

"காந்தம் பக்கத்துல மட்டும் வச்சிடாதீங்கண்ணே. எல்லாம் அழிஞ்சிடும்" என்று முதல் நாளே சொன்னான்.

அவன் சொல்லியிராவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, ஒவ்வொரு வெள்ளியும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு டிஸ்க்குகளின் மேல் தேய்த்தேன். திரும்பி வரும் டிஸ்க்குகளை எட்மண்ட் முழுக்க அழித்துவிட்டுத்தான் மறுபடி நகல் எடுப்பான். ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை. பதினோரு மாதம் அப்படியே போயிற்று.

போன டிசம்பர் மழையில் கிளினிக்குக்குள் தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. நான் பூன் லேயிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்குகளில் ஒன்றுமே இல்லை. எட்மண்ட் ஒவ்வொரு டிஸ்க்காகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். டாக்டர் என் மேசைக்கு வந்து, "அண்ணே, உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?" என்றார்.

அடுத்த மூன்று வாரம்போல ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. நான் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல எட்மண்ட் புதுக் கம்ப்யூட்டரில் அடித்தான்.

பிப்ரவரியில், தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்கும் முத்தாயி தொண்டை வலி என்று வந்தார். எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாதா என்று டாக்டர் கேட்டார். "அதெல்லாம் லாசரஸ் தம்பிக்குத் தெரியும்" என்றார் முத்தாயி. டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். எதுவும் இல்லை என்று இருந்தது. பெனிசிலின் போட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முத்தாயி இறந்துவிட்டார்.

"எழுபத்தொண்ணுல இதே ஊசியாலதானே அம்மாவுக்கு மூஞ்சி வீங்குச்சு? நீங்கதானேண்ணே சிவப்பு மையில எழுதி வச்சீங்க?" என்று அவர் மகள் தங்கம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆமாம் என்றேன்.

எட்மண்ட் தவறாக அடித்துவிட்டான் என்றுதான் உங்களிடம் முதலில் சொன்னேன். அவனுக்கு வேலை போயிற்று. அவன் மனைவி பிரிஜட் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

பிறகு கேசட் வந்தது. டிஸ்க்கில் பட்ட அடியால், நான் சொன்னதையெல்லாம் அவன் ஒலிப்பதிவு செய்து, செம்பவாங்கில் தன் அம்மா வீட்டில் வைத்திருந்தானாம். என் ஞாபகத்துக்கே நகல் எடுத்திருக்கிறான். நாற்பது கேசட்டையும் கேட்டு முத்தாயி பெயரைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒன்பது நாள் ஆயிற்றாம்.

நேற்று நீங்கள் அதைப் போட்டுக் காட்டினீர்கள். முத்தாயியின் பெயர், வயது. அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும். "அண்ணே, ஒத்துக்காத மருந்து?" என்று எட்மண்ட் இரண்டு தடவை கேட்கிறான். மறுபடியும் ஃபேன் சத்தம். அதற்குப் பிறகு என் குரல்: "ஒண்ணுமில்ல."

நீங்கள் நல்ல மனிதர். "மூவாயிரம் பேரு, அங்கிள். உங்களுக்கும் வயசாச்சு. ஒண்ணு மறந்திருக்கலாம் லா. தெரிஞ்சே சொன்னீங்கன்னா தூக்கு வரைக்கும் போகும், யோசிச்சுப் பேசுங்க" என்றீர்கள்.

யோசித்துவிட்டேன். அந்த ஃபேன் சத்தம் கேட்ட நேரத்தில் நான் முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். பழி எட்மண்ட் மேல் விழட்டும் என்று தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். டிஸ்க்குகளை அழித்ததும் நான், முத்தாயியைக் கொன்றதும் நான். எழுதிக் கொடுங்கள், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எட்மண்ட் அதைப் படிப்பான்.