கண்ணாடிக்கடைக்காரரின் வாபஸ்

— காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதறது?

— சொந்தக் காரணம்னு எழுதுங்க. வாபஸ் வாங்கற எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க.

— நாளைக்குப் பேப்பர்காரன் சும்மா இருப்பானா? கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பு சரியில்லையா, வீட்டுல சண்டையா, யார்கிட்டயாவது விலை போயிட்டாரான்னு எழுதுவான்.

— எழுத மாட்டாங்க.

— எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றே?

— இருபத்தேழு பேர் நிக்கற தேர்தல். ஒருத்தர் குறைஞ்சா யாருங்க எண்ணிப் பாக்கப் போறாங்க?

— நீ ஆறுதல் சொல்றியா, குத்திக் காட்டறியா?

— ரெண்டும் இல்ல. பேனாவை மூடி வச்சிட்டு யோசிங்க. மணி ரெண்டு இருபதுதான் ஆகுது. தேர்தல் ஆபீஸ் ஜன்னல்ல மூணு வரைக்கும் வாங்குவாங்களாம்.

— யோசிக்க ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை கருத்துக்கணிப்பு பாத்தேல்ல? காண்ட்ராக்டருக்கு முப்பத்தாறு. வக்கீலம்மாவுக்கு முப்பத்தொண்ணு. அப்புறம் ஒரு மூணு பேர். கடைசில பொடி எழுத்துல "மற்றவர்கள் அஞ்சு". மூணாவது தடவை நிக்கறேன். என் பேர் மற்றவர்கள்.

— மற்றவர்கள்ல நீங்க முதல் ஆளா இருக்கலாம்ல?

— இருபத்திரெண்டு பேர் அதுல. அஞ்சை இருபத்திரெண்டால வகுத்துப் பாத்தேன். சிரிக்காதே.

— சிரிக்கல. இந்த பெஞ்சு ஆடுது, அதான். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க. அந்தக் காலு சரியில்ல.

— அங்க பாரு, சிவப்புச் சட்டை. அவரும் வாபஸ் வாங்கத்தான் வந்திருக்கார். மூணு தடவை ஜன்னல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டார். போன் பேசற மாதிரி பாவனை வேற.

— பாவம். மனசு வரலை.

— எனக்கு வந்துடுச்சு.

— கணிப்புக்காகத்தான் விலகறீங்களா?

— வேற எதுக்கு?

— போன தடவை கணிப்புல மற்றவர்கள்ல கூட நீங்க இல்ல. முன்னூத்திப் பதினோரு ஓட்டு வாங்கினீங்க. மறுநாள் காலையில விசிலடிச்சுக்கிட்டே கடையைத் திறந்தீங்க. முன்னூத்திப் பதினோரு பேருக்கு என் மேல நம்பிக்கை இருக்குன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னீங்க. அந்த மனுஷன் ஒரு பேப்பர் செய்திக்கா இங்க வந்து உக்காந்திருக்கார்?

— வயசாயிடுச்சு.

— சந்தைக் கூட்டத்துலேர்ந்துதாங்க நீங்க சரியா சாப்பிடறதில்ல.

— அன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.

— தொண்டை மூணு நாள்ல சரியாப் போச்சு. அதுக்கு அப்புறம்?

— இந்தா பாரு, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீ தப்பா எடுத்துக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— அன்னிக்கு எனக்குப் பதிலா நீ மேடை ஏறினே. பத்தே பத்து நிமிஷம். ஏறினதும் வணக்கம் கூடச் சொல்லல. "எல்லாரும் மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க"ன்னே.

— ஸ்கேன் சென்டர்ல நான் தினம் சொல்றதுதானே. எக்ஸ்ரே எடுக்கறவளுக்கு வேற என்ன தெரியும்? கூட்டத்தைப் பாத்ததும் பயத்துல அதுதான் வாயில வந்துது.

— ஆயிரம் பேர் பிடிச்சாங்கடி! காய்கறி எடை போட்டுட்டு இருந்தவன் கூடத் தராசைப் புடிச்ச கையோட அப்படியே நின்னுட்டான். "விடாதீங்க, அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷின் கெட்டு ஏழு மாசம் ஆச்சு, அதைச் சரி பண்ற வரைக்கும் இப்படியே இருங்க"ன்னே. சிரிச்சுது பாரு கூட்டம், இன்னும் என் காதுல இருக்கு. அதே மெஷினைப் பத்தி நான் நாப்பது நிமிஷம் பேசியிருக்கேன். வருஷவாரியாப் புள்ளிவிவரத்தோட. கொட்டாவி விட்டாங்க.

— நான் எழுதிக் குடுத்தது ஆறு நிமிஷத்துக்குத்தான். மீதி முப்பத்திநாலும் நீங்க சேத்தது.

— சரி, சேத்தேன். விஷயம் முழுசாப் போய்ச் சேரணும்ல?

— சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன? மறுநாள்லேர்ந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் முதல் கேள்வி, எக்ஸ்ரே அக்கா வரலையா? நான் ஜீப்லேர்ந்து இறங்கினா எனக்குப் பின்னாடி எட்டிப் பாக்கறான். வண்டிக்குள்ள உன்னைத் தேடறான். நான் அங்க கதவு மாதிரி நிக்கறேன்.

— நான் வேலைக்குப் போயிருந்தேன், வரலை. அதுக்கு நான் என்ன பண்ண?

— பஸ் டிப்போ கூட்டத்துக்கு வந்தேல்ல? அன்னிக்கு நீ பேச எழுந்தப்ப மைக் செத்துப் போச்சே.

— ஆமா. ரிப்பேர்னு சொன்னீங்க.

— ரிப்பேர் இல்ல. ஒயரை நான்தான் உருவிட்டேன்.

— தெரியும்.

— தெரியுமா! எப்படி?

— உருவின ஒயரைக் கையில புடிச்சுக்கிட்டே மேடையில நின்னீங்க. முன்வரிசைக்கே தெரிஞ்சுது.

— அடக் கடவுளே.

— நோட்டீஸ்ல என் படத்தைச் சின்னதாக்கச் சொன்னதும் தெரியும். அச்சகத்து அம்மாவே போன் பண்ணினாங்க. ஏன் அக்கா, உங்களைத் தபால்தலை அளவுக்குப் போடச் சொல்றார், பசை தடவித் தரவான்னு கேட்டாங்க.

— அவளுக்கு வாய் ஜாஸ்தி.

— இன்னும் ஏதாவது இருக்கா?

— கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். பலகையில எழுத்தைப் படிங்கன்னு சொன்னா, அதை விட்டுட்டு என் மூஞ்சியைப் படிக்கறார். "நீங்க எக்ஸ்ரே அக்காவோட வீட்டுக்காரர்தானே?" அந்தத் தெருவுல இருபத்தோரு வருஷமாக் கடை வச்சிருக்கேன். அந்தத் தெருவுல பாதிக் கண்ணுக்கு நான்தான் கண்ணாடி மாட்டி விட்டேன். நான் யாரோட வீட்டுக்காரர்னு கேக்கறார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆமான்னேன்.

— அவ்வளவுதானா?

— ... கால் பவர் கூட்டி எழுதிட்டேன்.

— என்னங்க!

— மறுநாளே வீடு தேடிப் போய் மாத்திக் குடுத்துட்டேன். காசு கூட வாங்கல. அப்பவும் அவர் விடல. எக்ஸ்ரே அக்கா வீட்டு மனுஷங்களே தங்கம்னு சொல்லி அனுப்பறார்.

— சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

— எனக்குத் தெரியும். நான் ரெண்டையும் பண்ணிட்டேன், கடைக்குப் பின்னாடி லென்சு தேய்க்கற அறையில. வக்கீலம்மா ஆள் அனுப்பினாங்களே, அன்னிக்கு.

— அவங்க கட்சி மேடையில பேசச் சொல்லித்தானே?

— உன்னை! உன்னைப் பேசச் சொல்லி! ஆதரவு கேக்கறதா இருந்தா வேட்பாளரைக் கேக்கணுமா வேண்டாமா? நான் ஹால்ல உக்காந்திருக்கேன். அந்த ஆளு என்னைத் தாண்டிச் சமையலறை வாசல்ல போய் நின்னு உன்கிட்டப் பேசறான். நான் அவனுக்குத் தண்ணி கொண்டு வந்து குடுக்கறேன்.

— நான்தான் முடியாதுன்னு சொல்லிட்டேனே.

— சொன்னே. எவ்வளவு பெருந்தன்மையாச் சொன்னே! அதுவும் எரிஞ்சுது. என்னை ஒருத்தரும் கேக்கல, முடியாதுன்னு சொல்ற பாக்கியம் கூட எனக்கு இல்ல.

— இவ்வளவு நாள் இதை உள்ளேயே வச்சுக்கிட்டா சுத்தினீங்க?

— எங்க கொண்டு போய்க் கொட்டறது? காண்ட்ராக்டர் மேல பொறாமைன்னா நாலு பேர்கிட்டச் சொல்லலாம், அவங்களும் சேர்ந்து திட்டுவாங்க. இதைச் சொன்னா என்னைத்தான் திட்டுவாங்க.

— சரி, அப்புறம்?

— அதான், முடிவு பண்ணிட்டேன். நீ வந்தாக் கூட்டம் உனக்கு. நீ வராட்டி கூட்டமே இல்ல. எப்படிப் பாத்தாலும் நான் தோத்தாச்சு. தேர்தல்னு ஒண்ணு இருக்கறவரைக்கும்தானே இந்தப் பேச்சு, மேடை, அக்கா வரலையா எல்லாம்? நான் விலகிட்டா முடிஞ்சுது. நீ உன் ஸ்கேன் சென்டருக்குப் போ. நான் என் கடைக்குப் போறேன். அடுத்த தேர்தலுக்குள்ள ஊர் மறந்துடும். பழையபடி, கல்யாணம் ஆனதுலேர்ந்து நடக்கற மாதிரியே, எந்தக் கூட்டமானாலும் நீ எழுதிக் குடு, நான் பேசறேன். அது நல்லாத்தானே இருந்துது?

— உங்களுக்கு நல்லா இருந்துது.

— அதைத்தான் சொல்றேன். சரி, கையெழுத்து எங்க போடணும்? இங்கயா?

— கீழ, கோடு போட்ட இடத்துல. ஒரு தடவை கொடுத்துட்டா திரும்பி வராதுங்க. நல்லா யோசிச்சுட்டீங்களா?

— யோசிச்சாச்சு. காரணம், சொந்தக் காரணம். தேதி, கையெழுத்து. முடிஞ்சுது. வா, சிவப்புச் சட்டைக்காரர் முந்திக்கப் போறார்... ஐயா, வணக்கம். வாபஸ்.

— அடையாள அட்டையைக் குடுங்க ஐயா. ம்... பட்டியல்ல ஒன்பதாவது பேர். உங்க சொந்த விருப்பத்துலதானே விலகறீங்க? யாரும் மிரட்டல, கட்டாயப்படுத்தலையே? விதிப்படி கேக்கணும், தப்பா நினைக்காதீங்க.

— யாரும் கட்டாயப்படுத்தல.

— கூட வந்திருக்கறவங்க?

— என் மனைவி.

— அட, எக்ஸ்ரே அக்காவா! எங்க அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சப்ப நீங்கதான் எடுத்தீங்க. நல்லா நடக்கறாங்க இப்ப.

— சந்தோஷம்ப்பா. குச்சி வச்சுக்கச் சொல்லு.

— பாத்தியா, இங்க கூட! ஐயா, நீங்க முத்திரையைப் போடுங்க முதல்ல.

— போட்டாச்சுங்க. ரெண்டு மணி நாப்பத்தொன்பது நிமிஷம். ஒன்பதாவது பேரை அடிச்சாச்சு. இனி இருபத்தாறு பேர். அக்கா, உங்க படிவத்தையும் குடுத்தீங்கன்னா ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுடுவேன்.

— அவளுக்கு என்ன படிவம்?

— பத்தொன்பதாவது பேர் அக்காதானே ஐயா. சுயேச்சை.

— ஓ, அதுவா! அது சும்மா போட்டது. என் மனுவை ஏதாவது குத்தம் சொல்லித் தள்ளிட்டா கையில ஒண்ணு இருக்கட்டும்னு அவ பேர்லயும் ஒரு மனு போட்டோம். என் மனுவை ஏத்துக்கிட்ட அன்னிக்கே அவளோடதை வாபஸ் வாங்கச் சொல்லிட்டேன். வாங்கியாச்சு.

— வாங்கலையே ஐயா.

— உங்க பட்டியல் பழசா இருக்கும்.

— வெளியில சுவத்துல ஒட்டியிருக்கறதும் இதேதான். நீங்க பாக்கலையா?

— பாத்தேன். என் பேர் வரைக்கும் படிச்சேன்... ஏய், நீ வாங்கிட்டேதானே?

— இல்லங்க.

— மறந்துட்டியா?

— மறக்கல.

— ஐயா, அந்தப் படிவத்தைத் திருப்பிக் குடுங்க. மணி இன்னும் மூணு ஆகல.

— மூணு மணிங்கறது வாங்கறதுக்குத்தான் ஐயா, திருப்பித் தர்றதுக்கு இல்ல. முத்திரை விழுந்தா விழுந்ததுதான். வேணும்னா அக்கா அவங்க மனுவை வாபஸ் வாங்கலாம். பத்து நிமிஷம் இருக்கு. படிவம் தரட்டுமா அக்கா?

— வேண்டாம்ப்பா.

— இப்படி ஓரமா வா. எல்லாரும் பாக்கறாங்க... என்ன பண்ணிட்டே நீ? நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா நீங்க விலகியிருக்க மாட்டீங்க.

— அரை மணி நேரமா பக்கத்துல உக்காந்து, ஒயர், தபால்தலை, அந்தப் பெரியவரோட கண்ணாடின்னு அத்தனையும் என் வாயிலேர்ந்து வாங்கினே. இதை மட்டும் மறைச்சுட்டே.

— மறைச்சேன். தப்புதான்.

— நிக்கப் போறியா?

— நிக்கப் போறேன்.

— என்னைத் தண்டிக்கறதுக்கா? சரி, ஒத்துக்கறேன். பொறாமைதான். கட்டின பொண்டாட்டி மேல பொறாமை. சொல்லவே நாக்கு கூசுது. ஆனா நீ மேடையில நின்னு பேசறப்ப, நான் கீழ உக்காந்துக்கிட்டு, ஊரோட சேர்ந்து கையையும் தட்டிக்கிட்டு, உள்ள வெந்துக்கிட்டு இருந்தேனே... அது எப்படி இருக்கும்னு உனக்கு ஏதாவது தெரியுமா?

— உங்களுக்கு ரெண்டு மாசமாத்தாங்க. எனக்குப் பதினெட்டு வருஷமா.